மறுப்பில்லாதவர்கள்

காலை ஒன்பதரைக்குத் தட்டு வந்தது. அதற்குள் மெர்சிலின் மேசையைத் துடைத்து, மூக்குக் கண்ணாடியைத் துடைத்து, பச்சைச் சொற்களை வலது கைப்பக்கமும் சிவப்புச் சொற்களை இடது கைப்பக்கமும் அடுக்கி வைத்திருந்தாள். ஆறு வருடமாக அதே மேசை. தட்டில் பன்னிரண்டு அட்டைகள், அட்டைக்கு ஒரு வாக்கியம். யார் சொன்னது என்று அதில் இருக்காது. எதற்கு முன், எதற்குப் பின் என்றும் இருக்காது. கலைப்பி என்கிற இயந்திரம் சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல் கலைத்துத்தான் அனுப்பும்.

முதல் அட்டையை எடுத்தாள். ‘ஐகோர்ட்ராஜா இறந்தார்.’

நல்லது என்று நினைத்தாள். இறந்தவர் இருந்தால் வேலை சுலபம்.

மற்ற அட்டைகளை ஒவ்வொன்றாகப் பரப்பினாள். இடம், கடற்கரையில் இருக்கும் அலைவளி ஆலை. கடல்நீரிலிருந்து ஹைட்ரஜன் பிரிக்கும் இடம். ஒரு தொட்டி. தொட்டிக்குள் சூசை என்பவர் மயங்கிக் கிடந்திருக்கிறார். முகக்கவசம் அணியாத ஐகோர்ட்ராஜா. அடிக்காத ஓர் அபாய மணி. அதை நிறுத்திவைக்கச் சொன்ன ஷிப்டு மேலாளர். எங்கும் சேராத ஒரு வாக்கியமும் இருந்தது: ‘ஐகோர்ட்ராஜா ஒன்றரை நிமிடம் மூச்சை அடக்குவார்.’ அதை ஓரமாக வைத்தாள். எந்த அட்டையையும் விட்டுவிடக் கூடாது என்பது விதி. கடைசியில் எங்காவது செருகிக்கொள்ளலாம்.

மெர்சிலின் கோவையகத்தில் கோர்ப்பாளர். அவள் பிறப்பதற்கு முன்னால், இயந்திரங்கள் எழுதித் தள்ளிய காலம் ஒன்று இருந்தது. நடக்காத விபத்துக்கு நூறு சாட்சிகள், நடந்த கொலைக்கு நூறு கதைகள். எல்லாமே கோர்வையாக, படிப்பவர் கண்ணில் நீர் வரும்படியாக இருந்தன. எதை நம்புவது என்று தெரியாமல் திணறிய நீதிமன்றங்கள் கடைசியில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தன. இனி யாரும் நடந்ததைக் கதையாகச் சொல்லக் கூடாது. பதிவி என்கிற இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தனித்தனி வாக்கியமாகத்தான் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வாக்கியத்தையும் பதிவி சோதித்து, மெய் என்றால் பச்சை விளக்கு எரியும். அப்படித் தேறியவற்றைக் கலைத்து, யார் பக்கமும் சாராத ஒரு மனிதக் கையிடம் தருவார்கள். அந்தக் கை இணைப்புச் சொற்களைப் போட்டுப் பத்தியாக்கும். அதன்பின் உலகத்துக்கு அந்தப் பத்திதான் நடந்தது.

பிறகு, மேலும், அப்போது, அதற்கு முன்: இவை பச்சைச் சொற்கள். தாராளமாகப் போடலாம். அதனால், ஆகவே, ஏனெனில்: இவை சிவப்பு. ஒன்றை இன்னொன்றுக்குக் காரணமாக்கும் சொற்கள். சிவப்புச் சொல் போட்டால், அந்தச் சங்கிலியின் தலையில் எவர் பெயர் இருக்கிறதோ அவருக்கு அறிவிப்பு போகும். அவர் மூன்று நாளுக்குள் மறுத்தால் சிவப்பை எடுத்துவிட்டுப் பச்சையைப் போட வேண்டும். ‘ஆனால்’ மட்டும் மஞ்சள். அது நடுவில் தூசி படிந்து கிடக்கும். கைபட்டால் இரண்டு பக்கமும் கேள்வி வரும் என்று எவரும் தொடுவதில்லை.

விபத்துப் பத்தியில் சிவப்புச் சொல் ஒன்றாவது இருந்தாக வேண்டும். காரணமில்லாத விபத்தைச் சட்டம் ஏற்காது. ஆனால் உயிரோடு இருக்கிற எவர் தன்னைக் காரணமாக்கச் சம்மதிப்பார்? நிறுவனங்கள் மறுப்பு அனுப்புவதற்கென்றே இயந்திரம் வைத்திருந்தன. ஆகவே கோர்ப்பாளர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. தட்டு வந்ததும் இறந்தவரின் அட்டையைத் தேடுவார்கள். இறந்தவர் மறுக்கமாட்டார். மூன்று நாள் கழித்து அவர் பெயருக்கு எதிரே ‘மறுப்பில்லை’ என்று கணினி தானாகவே எழுதிக்கொள்ளும்.

இதில் மெர்சிலின் கைதேர்ந்தவள். ஆறு வருடத்தில் நாற்பத்தொரு சாவுப் பத்திகள். ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. ஆண்டு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுக் கேடயம் கொடுத்திருந்தார்கள். மேடையில் நடக்கக் கூச்சப்பட்டுத் தலையைக் குனிந்துகொண்டே போய் வாங்கி வந்தாள்.

பதினொன்றரைக்குத் திரவியம் வந்து எட்டிப் பார்த்தார். மேற்பார்வையாளர். அவர் முத்திரை வைத்தால்தான் பத்தி வெளியே போகும். கையில் மக்ரூன் இனிப்புப் பொட்டலம்.

“என்ன மெர்சி, அதுக்குள்ள முடிச்சிட்டியா?”

“செத்தவர் இருக்காரு சார்.”

“பெறகென்ன. வெண்ணெயில கத்தி எறங்குன மாதிரிதான். இந்தா, ஒண்ணு எடுத்துக்கோ.”

ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அவர் பத்தியை ஒரு பார்வை பார்த்துவிட்டு முத்திரை வைத்தார். அது கோவையகத்தின் வாசலில் இருந்த பெரிய திரையில் மற்றப் பத்திகளோடு ஏறியது.

மூன்று மணிக்கு வாசலில் சத்தம் கேட்டது. காவலாளி யாரையோ நிறுத்தப் பார்த்துத் தோற்றுக்கொண்டிருந்தார். அலைவளி ஆலையின் நீலச் சீருடையில் ஒரு பெண், முப்பத்தெட்டு நாற்பது வயதிருக்கும், மேசை மேசையாகப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தாள்.

“ஐகோர்ட்ராஜாவ எழுதுன கை எது?”

மெர்சிலின் எழுந்தாள். “நான்தான். நீங்க...”

“சண்முகக்கனி. அவுக பொஞ்சாதி.”

“உக்காருங்கக்கா.”

“உக்கார வரல. நீ எழுதுனத நீயே வாசி. எங்காதுல விழணும்.”

மெர்சிலின் பத்தியைக் கையில் எடுத்தாள். அறையில் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசித்தாள்.

“சூசை தொட்டிக்குள் மயங்கிக் கிடந்தார். அப்போது தொட்டியில் ஆக்சிஜன் ஆறு சதவீதம் இருந்தது. பிறகு ஐகோர்ட்ராஜா சூசையைத் தோளில் தூக்கி நிறுத்தினார். பிறகு சூசை பிழைத்தார். ஐகோர்ட்ராஜா முகக்கவசம் அணியவில்லை. அதனால் ஐகோர்ட்ராஜா இறந்தார். மேலும், முகக்கவசங்கள் மூன்றாம் கொட்டகையில் இருந்தன. மேலும், மணி ஒரு நாளில் பதினொரு முறை அடித்தது. மேலும், ஷிப்டு மேலாளர் கதிர்வேல் மணியை நிறுத்திவைக்கச் சொன்னார். மேலும், மணி அடிக்கவில்லை. மேலும், யாரும் வரவில்லை. மேலும், ஐகோர்ட்ராஜா ஒன்றரை நிமிடம் மூச்சை அடக்குவார்.”

வாசித்து முடித்தாள். சற்று விறைப்பாகக் கேட்டாள். “இதுல எதுக்கா பொய்?”

“ஒண்ணும் பொய்யில்ல. அதான் எரியுது. பொய்யின்னா காறித் துப்பிட்டுப் போயிருப்பேன்.” சண்முகக்கனி மேசைமேல் கையை ஊன்றினாள். “அந்தக் கடைசி வரி நான் சொன்னது. எதுக்குச் சொன்னேன்னு தெரியுமா?”

“தெரியாது. யார் சொன்னதுன்னே எங்களுக்குத் தெரியாது.”

“அவுக சங்கு குளிக்கிற ஆளு. ஆலை வாரதுக்கு முன்னாடி பதினஞ்சு வருசம் கடலுக்கு அடியில கெடந்தவுக. தொட்டி வாசல்ல காவலுக்கு நின்னாக. உள்ள சூசையண்ணன் சாயுதத எட்டிப் பாத்தாக. முகமூடி மூணாங் கொட்டகையில. ஓடிப் போய் எடுத்துட்டு வாரதுக்குள்ள ஆள் முடிஞ்சிரும். ஆனா அவுகளுக்கு மூச்ச அடக்கத் தெரியும்லா? கடல்ல எறங்குத மாதிரி மூச்சப் புடிச்சிக்கிட்டு எறங்கிட்டாக.”

மெர்சிலின் அட்டைகளைப் பார்த்தாள். ஆக்சிஜன் ஆறு சதவீதம் என்றால் மீதி நைட்ரஜன். அது விஷமில்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும்வரை ஒன்றும் செய்யாது. ஆக்சிஜன் குறைந்த அந்தக் காற்றை ஒருமுறை உள்ளே இழுத்தால் போதும். இழுத்தவர் தான் விழுவதைக்கூட உணரமாட்டார். இது அவள் கல்லூரியில் படித்ததுதான்.

“சூசையண்ணன் கனத்த உடம்பு. தோள்ல வச்சி ஏணியில ஏறி, அண்ணன் தலைய தொட்டி வாய்க்கு வெளிய தள்ளிட்டாக. மேல ஒரு கை இருந்தாப் போதும், இழுத்துப் போட்டிருக்கலாம். மணி அடிச்சிருந்தா நாப்பது பேரு ஓடி வந்திருப்பாவ. நானே வந்திருப்பேன். பக்கத்துத் தொட்டியிலதான் நின்னேன். அடிக்கல. ஒருத்தரும் வரல. அண்ணன வுட்டா அண்ணன் உள்ள விழுந்துருவாரு. அதனால தோள்ல வச்சிக்கிட்டே நின்னாக. அண்ணனுக்கு முழிப்பு வந்து விளிம்பப் புடிக்கையில ஒன்றரை நிமிசம் முடிஞ்சிருச்சி. ஒரு மூச்சு. ஒரே ஒரு மூச்சுதான் இழுத்தாக.”



“இதெல்லாம் அட்டையில இல்லக்கா,” என்றாள் மெர்சிலின்.

“ஏன் இல்ல? மணி அடிக்கலன்னு இருக்கு. யாரும் வரலன்னு இருக்கு. மூச்ச அடக்குவாகன்னு இருக்கு. எல்லாம் இருக்கு. நீதான் ஒண்ணோட ஒண்ணு ஒட்டவிடாம வச்சிருக்க.”

“சட்டம் அப்படிக்கா. கதிர்வேல் பேர்ல போட்டா அவர் மறுத்துருவாரு. நான் என்ன செய்ய?”

“எங்க வீட்டுக்காரரு மறுக்கமாட்டாருன்னு போட்டியாக்கும்.” சண்முகக்கனி சிரித்தாள். பார்க்கச் சகிக்காத சிரிப்பு. “கொலசாமி பேருன்னு எங்க மாமியா ஐகோர்ட்டுன்னு பேரு வச்சா. எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாதபடி நீ எழுதி முடிச்சிட்ட. சரி. திங்கக்கெழம ஆலை தொறக்கான். அதே தொட்டியில எறங்கப்போறது யாரு தெரியுமா? நான். பத்தியில எது காரணமோ அதத்தான் சரிசெய்வாவ. ‘முகக்கவசம் அணிக’ன்னு ஒரு போர்டு மாட்டுவாவ. மணிக்கு முன்னாடி நீ ‘மேலும்’ போட்டுட்டியே. பெறகு அத எவன் தொடுவான்?”

வந்த வேகத்திலேயே போய்விட்டாள்.

மெர்சிலினுக்கு அன்று முழுக்கக் கோபம். முதலில் அந்தப் பெண்ணின் மேல். எல்லோர் முன்னாலும் இப்படியா பேசுவது? சட்டத்தை நான் எழுதினேனா? ராத்திரி சாப்பிடும்போதும், படுக்கையை விரிக்கும்போதும் மனதுக்குள் சண்முகக்கனியோடு வழக்காடினாள். ஒவ்வொரு முறையும் நன்றாகத்தான் ஆரம்பித்தாள். ஒவ்வொரு முறையும் அந்த மணியிடம் வந்ததும் வாய் நின்றுபோனது.

மறுநாள் வியாழன். காலையில் ஆலைக்குப் போனாள். இடத்தைப் பார்வையிடக் கோர்ப்பாளருக்கு உரிமை உண்டு. யாரும் போனதாகக் கேள்விப்பட்டதில்லை. தான் செய்ததில் தப்பில்லை என்று நேரில் பார்த்து உறுதிசெய்துகொள்ளத்தான் போனாள்.

வாசலில் கூட்டிப்போக வந்தவர் சூசை. ஐம்பத்தைந்து வயதிருக்கும். குரல் கரகரத்தது, நாலு எட்டு வைத்தால் நின்று மூச்சு வாங்கினார். ஆலை மூடிக் கிடந்தது. தொட்டிகளுக்குப் போகும் வழி நெடுகச் சுவரில் பலகைகள். மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து.

‘கையுறை அணிக.’ ‘ஏணியில் விரைந்து ஏறாதீர்.’ ‘ஈரக் காலணியுடன் நடக்காதீர்.’ ‘உடல்நலமில்லாதபோது பணிக்கு வராதீர்.’

“எம்புட்டு போர்டு, பாத்தியளா,” என்றார் சூசை. “ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஆளு. இந்தக் கையுறை எங்க கூட்டாளி மாடசாமி. ஈரச் செருப்பு ஒரு பொம்பளப் புள்ள. வேலைக்கு வந்து ஆறே மாசம்.”

மாடசாமியை மெர்சிலினுக்குத் தெரியும். ‘மாடசாமி கையுறை அணியவில்லை. அதனால்.’ அந்தப் பெண்ணையும் தெரியும். பத்தொன்பது பலகைகள் இருந்தன. எண்ணிக்கொண்டே நடந்தாள். பதினான்கு அவள் எழுதியவை. ஒரு கோயில் சுவரில் உபயதாரர் பெயர்களை வாசிக்கிறவள்போல் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்றாள். அவள் பெயர் எதிலும் இல்லை. எழுத்து மட்டும் அவளுடையது.

கடைசிப் பலகை நான்காம் தொட்டிக்கு அருகில் இருந்தது. ‘தூக்கக் கலக்கத்தில் பணிக்கு வராதீர்.’ அதற்கு ஒரு முழம் மேலே ஒரு மணி. பிராணவாயு குறைந்தால் அலறவேண்டிய மணி. அதன் வாயில் ஒட்டு நாடா சுற்றி, ஓர் அட்டை கட்டியிருந்தது. ‘நிறுத்திவைக்கப்பட்டது.’ கீழே தேதி.

அவள் தேதியைப் படித்தாள். இன்னொருமுறை படித்தாள்.

இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய தேதி.

“அண்ணாச்சி, இந்தத் தூக்கக் கலக்கப் போர்டு யாருக்காக?”

“பாக்கியநாதன். ரெண்டு வருசம் ஆச்சி. இதே நாலாம் தொட்டிதான். தூங்கிட்டான்னு எழுதிட்டாவ. தூங்கல அவன். மயங்கிட்டான். மணி அடிக்கல.”

அவளுக்கு அந்தத் தட்டு ஞாபகம் வந்தது. ஒன்பது அட்டைகள். ‘பாக்கியநாதன் முந்தைய இரவு உறங்கவில்லை.’ மெய்தான், அவர் மகளுக்குக் காய்ச்சல். அதில் ‘மணி அடிக்கவில்லை’ என்று ஓர் அட்டை இருந்தது. அன்று மதியம் அலுவலகத்தில் யாருக்கோ பிறந்தநாள். பிரியாணி ஆறிப்போகும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அட்டைக்கு முன் ‘மேலும்’ போட்டுவிட்டுக் கைகழுவப் போனாள்.

அழுகை வரவில்லை. அந்தப் பலகையைப் பிடுங்கி எறிய வேண்டும்போல் கை துறுதுறுத்தது. யார்மேல் எறிவது?

“ஒண்ணு கேக்கேம்மா,” என்றார் சூசை. “எம் பேர்ல போட்டுருங்களேன். நான்தானே மொதல்ல எறங்குனவன். நான் மயங்கலன்னா அவன் எறங்கியிருக்கமாட்டான். எம் பேருக்கு அறிவிப்பு வரட்டும், நான் மறுக்கமாட்டேன். அந்தப் புள்ள சண்முகக்கனி மொகத்த என்னால பாக்க முடியல.”

“உங்க பேர்ல போட்டா உங்களுக்கு ஒரு போர்டு வரும் அண்ணாச்சி. மணி வராது.”

“யாரு பேர்ல போட்டா மணி வரும்?”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். கும்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மதியம் கோவையகத்துக்கு வந்து, மூன்று நாள் தவணை இன்னும் முடியாத ஐகோர்ட்ராஜா பத்தியைத் திரையிலிருந்து இறக்கினாள். அட்டைகளைப் புதிதாக அடுக்கினாள். ஷிப்டு மேலாளர் கதிர்வேல் மணியை நிறுத்திவைக்கச் சொன்னார். அதனால் மணி அடிக்கவில்லை. அதனால் யாரும் வரவில்லை. சிவப்பு, சிவப்பு, சிவப்பு. முத்திரைக்கு முன்னோட்டமாக அனுப்பிப் பார்த்தாள். பதினொரு விநாடியில் பதில் வந்தது: ‘மறுக்கிறோம்.’ மனிதர் எவரும் அதைப் படித்திருக்க வாய்ப்பில்லை.

வார்த்தையை மாற்றி அனுப்பினாள். மறுக்கிறோம். சங்கிலியைச் சுருக்கினாள். மறுக்கிறோம். ‘நிறுவனம்’ என்று பொதுவாகப் போட்டாள். மறுக்கிறோம்.

பிறகு எழுந்து பதிவி அறைக்குப் போனாள். சாட்சிகள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. உயரமான நாற்காலி, கால் தரையில் படவில்லை. ஒரே ஒரு கண்ணாடி வட்டம் அவளைப் பார்த்தது.

“இரண்டு ஆண்டுகளுக்கு முன், பாக்கியநாதன் இறந்தபோது, மணி அடிக்கவில்லை என்பதைக் கோர்ப்பாளர் மெர்சிலின் காரணமாக எழுதவில்லை.”

பச்சை விளக்கு எரிந்தது.

“மணி சரிசெய்யப்படவில்லை.”

பச்சை.

இரண்டு அட்டைகளோடு மேசைக்கு வந்தாள். அவற்றைச் சேர்த்து எழுதி முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. இவ்வளவு நேரம் அவள் எந்தப் பத்திக்கும் எடுத்துக்கொண்டதில்லை.

திரவியம் நின்றுகொண்டே வாசித்தார்.

‘மணி ஒரு நாளில் பதினொரு முறை அடித்தது. பிறகு ஷிப்டு மேலாளர் கதிர்வேல் மணியை நிறுத்திவைக்கச் சொன்னார். பிறகு, இரண்டு ஆண்டுகளுக்கு முன், பாக்கியநாதன் இறந்தபோது, மணி அடிக்கவில்லை என்பதைக் கோர்ப்பாளர் மெர்சிலின் காரணமாக எழுதவில்லை. அதனால் மணி சரிசெய்யப்படவில்லை. பிறகு சூசை தொட்டிக்குள் மயங்கிக் கிடந்தார். அப்போது தொட்டியில் ஆக்சிஜன் ஆறு சதவீதம் இருந்தது. முகக்கவசங்கள் மூன்றாம் கொட்டகையில் இருந்தன. ஆகவே ஐகோர்ட்ராஜா முகக்கவசம் அணியவில்லை. ஆனால் ஐகோர்ட்ராஜா ஒன்றரை நிமிடம் மூச்சை அடக்குவார். ஆகவே ஐகோர்ட்ராஜா சூசையைத் தோளில் தூக்கி நிறுத்தினார். அதனால் சூசை பிழைத்தார். மணி சரிசெய்யப்படாததால் மணி அடிக்கவில்லை. அதனால் யாரும் வரவில்லை. அதனால் ஐகோர்ட்ராஜா இறந்தார்.’

திரவியம் சட்டென்று திரும்பினார்.

“மூளை இருக்கா உனக்கு?”

“இருக்கு சார்.”

“சங்கிலித் தலையில உன் பேரு நிக்கி. உன்னைய கொலகாரின்னுலா எழுதி வச்சிருக்க!”

“நான் மறுக்கமாட்டேன். அப்ப பத்தி நிக்கும். நின்னா மணிய சரிசெய்யணும். கொட்டகையையும் பக்கத்துல கொண்டாரணும். சிவப்புச் சொல்லுக்குள்ள வந்தது அத்தனையும் சரிசெய்யணும்னுதானே சட்டம்?”

“அந்தக் கதிர்வேலு?”

“அவரு பச்சையில இருக்காரு.”

“அப்ப அவன் சிரிச்சிக்கிட்டே போயிருவான்.”

“தெரியும்.”

“உன் கைய ரத்து பண்ணிருவாவ. இனிமே எங்கயும் நீ ஒரு பத்தி எழுத முடியாது. நாலு பேரு உன் பேரத் தேடிப் பாத்தா இதான் வரும். ஆறு வருசமா ஒரு திருப்பம் இல்லாத கை, மெர்சி! கேடயம் வாங்குன கை!”

அவள் குரல் உயர்ந்து அந்த அறையில் யாரும் கேட்டதில்லை. இப்போது உயர்ந்தது.

“அதான் சார் ஆத்திரமா வருது! ஆறு வருசம் ஒருத்தர்கூட மறுக்கல. நான் கெட்டிக்காரின்னு நெனச்சேன். செத்தவங்க சார் அவங்க! நாப்பத்தொரு பேரு. பேச முடியாதவங்களாப் பாத்துப் பாத்துப் போட்டிருக்கேன். நீங்க முத்திரை வச்சீங்க. மக்ரூன் தின்னோம்.”

திரவியம் நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் முத்திரைக் கட்டையை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு ஓய்வுபெற எட்டு மாதம் இருந்தது.

“மேற்பார்வையாளர் பேரும் சேக்கணுமோ?” என்றார் மெதுவாக.

“அது நீங்க பதிவி முன்னால போய்ச் சொல்ல வேண்டியது சார். நான் சொல்ல முடியாது.”

அவர் போகவில்லை. ஆனால் முத்திரை வைத்தார்.

பத்தி நாலு மணிக்குத் திரையில் ஏறியது. மெர்சிலினின் கைபேசிக்கு அறிவிப்பு வந்தது: உங்கள் பெயர் காரணத் தலையில் இடம்பெற்றுள்ளது. மறுக்க மூன்று நாள். கீழே சிவப்பாக ஒரு பொத்தான். அதே நேரத்தில் அலைவளி நிறுவனத்திடமிருந்தும் பதில் வந்தது. கேட்காமலே வந்த பதில். ‘எங்களுக்கு ஆட்சேபணை இல்லை.’ அதற்கும் பதினொரு விநாடிதான் ஆகியிருந்தது.

வெள்ளி, சனி, ஞாயிறு. அந்தப் பொத்தான் போகுமிடமெல்லாம் கூடவே வந்தது. சனிக்கிழமை அம்மா வாசலில் நின்று யாரோடோ சண்டை போட்டுவிட்டு உள்ளே வந்து, “என் மக எவனையும் கொல்லல, சொல்லிட்டேன்,” என்றாள். சட்டத்தை விளக்கப் பார்த்தாள் மெர்சிலின். அம்மாவுக்கு அது வேண்டியிருக்கவில்லை. “மறுத்துருடீ. ஒரு பொத்தான்தானே,” என்று மறுபடி மறுபடி சொன்னாள். ஞாயிறு மதியம் அது மங்கலாகிக்கொண்டே வந்து நாலு மணிக்கு மறைந்தது. அந்த இடத்தில் ‘மறுப்பில்லை’ என்று எழுதியிருந்தது. நாற்பத்தொரு பேருக்கு எதிரே அந்தச் சொல்லை அவள் பார்த்திருக்கிறாள். உயிரோடிருக்கும் ஒருவர் பெயருக்கு எதிரே பார்ப்பது இதுதான் முதல்முறை.

திங்கட்கிழமை காலையில் அவளுக்குப் போக அலுவலகம் இல்லை. ஆலை வாசலுக்குப் போனாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரியும். வேலிக் கம்பிக்கு வெளியே நின்றாள். நான்காம் தொட்டியின் மேல் இரண்டு மின்பணியாளர்கள் ஏணி போட்டு எதையோ திருகிக்கொண்டிருந்தார்கள். முகக்கவசப் பெட்டிகளை வண்டியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் கை நீட்டி நீட்டி வேலை ஏவிக்கொண்டிருந்தார். கையில் தேநீர்க் கோப்பை. அவர்தான் கதிர்வேலாக இருக்க வேண்டும்.

சண்முகக்கனி ஷிப்டுக்கு வந்தவள் அவளைக் கண்டு நின்றாள்.

“வாசிச்சேன்,” என்றாள்.

மெர்சிலின் தலையசைத்தாள்.

“அந்தாளு உள்ளதான் நிக்கான் பாத்தியா. எனக்கு வணக்கம் சொல்லுதான். வருத்தமாம். இவனத் தொடாம எழுதியிருக்க.”

“அவரத் தொட்டா மணி வந்திருக்காதுக்கா.”

“அது எனக்கு வெளங்குது. வெளங்குனா வயிறு ஆறிருமா?” சண்முகக்கனி கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “ஊரெல்லாம் உன்னையப் பத்தித்தான் பேச்சு. பெரிய மனசுங்கான். தியாகம்ங்கான். நான் நன்றி சொல்லுவேன்னு வந்தியா?”

“இல்லக்கா.”

“பெறகு?”

“மணி மாட்டிட்டாங்களான்னு பாக்க வந்தேன்.”

“மாட்டுதாவ. இன்னைக்கு நான் எறங்குவேன். ஏறியும் வந்துருவேன்.” கம்பியை விட்டுவிட்டு நிமிர்ந்தாள். “ஆனா ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கோ. ரெண்டு வருசத்துக்கு முன்னாடி, அந்தப் பாக்கியநாதனுக்கு, இத நீ ஒழுங்கா எழுதியிருந்தேன்னு வையி. எங்க வீட்டுக்காரரு இன்னைக்கு எங்கூட ஷிப்டுக்கு வந்திருப்பாக.”

அங்கே பதிவி இல்லை. விளக்கு இல்லை. மூன்று நாள் தவணையும் இல்லை.

“ஆமாக்கா,” என்றாள் மெர்சிலின்.

சண்முகக்கனி நகரவில்லை. மெர்சிலின் இன்னும் ஏதாவது சொல்வாள், சொன்னால் அதையும் கிழித்துப் போடலாம் என்று காத்து நிற்பவள்போல் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். மெர்சிலினிடம் வேறு வாக்கியம் இல்லை.